மைலேஜ் குறைந்தால் ஆயிலைக் குறை சொல்லலாமா?

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த நாளிலிருந்து சின்ன கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு மைலேஜில்தான் போய் நிற்கிறது. 'ஆயிலைச் சீக்கிரம் மாத்துங்க', 'கெட்டியான ஆயில் ஊத்துங்க' என்று ஆளுக்கொரு யோசனை. இதில் எது உண்மை, எது வீண் செலவு?

சனிக்கிழமை காலை. எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் பார்க்கக்கூடிய காட்சி இது. லிஃப்ட்டில் ஏறி நிற்கிறது ஒரு வெள்ளை ஹேட்ச்பேக். அடியில் நிற்கும் பையன் ட்ரெயின் போல்ட்டை ஸ்பேனரால் இளக்கிவிட்டு, மிச்சத்தை விரலாலேயே சுற்றி எடுக்கிறான். கறுகறுவென்று ஆயில் தட்டில் கொட்டுகிறது. மெக்கானிக் அதில் விரலை நனைத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, கார்க்காரரின் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். வேறு பேச்சே தேவையில்லை. இவ்வளவு கறுத்துக் கிடந்தால் மைலேஜ் எங்கிருந்து வரும் என்ற கேள்வி அந்த விரலிலேயே இருக்கிறது. போன மாதம் வரை 16 கொடுத்த கார் இப்போது 14-தான் கொடுக்கிறது என்ற கவலையோடு வந்தவர், அடுத்த முறை 5,000 கி.மீ.யிலேயே மாற்றிவிடுவதாகத் தலையாட்டிவிட்டுப் போகிறார்.

விரலில் இருந்த கறுப்பு பொய்யில்லை. ஆனால் அதை வைத்து எடுத்த முடிவு தவறு. இன்ஜின் ஆயிலில் அழுக்கைக் கழுவும் ரசாயனங்கள் கலந்திருக்கின்றன. எரிந்த கரியை உலோகத்தில் ஒட்டவிடாமல் தன்னோடு சேர்த்து மிதக்க வைப்பதே அவற்றின் வேலை. ஆகவே ஆயில் கறுத்தால் அது வேலை செய்கிறது என்று பொருள். அது செத்துவிட்டதா என்பதை நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. அந்தக் காரின் மைலேஜ் குறைந்ததற்குக் காரணமும் பெரும்பாலும் அந்தத் தட்டில் இல்லை.

லேபிளில் 25, ரோட்டில் 16

மைலேஜ் ஏமாற்றம் ஷோரூமிலேயே தொடங்கிவிடுகிறது. 2024 மே மாதம் வந்த புதிய ஸ்விஃப்ட்டின் மேனுவல் மாடலுக்கு நிறுவனம் சொல்லும் கணக்கு லிட்டருக்கு 24.80 கி.மீ.; செலேரியோவின் ஒரு ஏஎம்டி மாடலுக்கு 26.68. சென்னை அண்ணா சாலையிலோ கோவை அவிநாசி சாலையிலோ மாலை ஆறு மணிக்கு ஓட்டுபவருக்கு இந்த எண்கள் கனவு.

அவை பொய்யான எண்கள் அல்ல. ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மீது சக்கரத்தைச் சுழலவிட்டு, எல்லாக் கார்களையும் ஒரே விதியில் ஓட்டி எடுத்தவை. கார்களை ஒன்றோடொன்று ஒப்பிட இது போதும். உங்கள் வீட்டு பட்ஜெட்டுக்கு உதவாது. உங்கள் காரின் நிஜக் கணக்கு வேண்டுமென்றால் ஒரே பங்க்கில் ஃபுல் டேங்க் போட்டு ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த ஃபுல் டேங்க் வரை ஓட்டி, ஓடிய தூரத்தை இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுத்துவிடுங்கள். ஒரு டேங்க்கை வைத்து முடிவு கட்ட வேண்டாம். நாலைந்து டேங்க்கின் சராசரியைப் பாருங்கள்.

பெட்டிச் செய்தி: 20 நிமிடத் தேர்வு
• இந்தியாவில் கார்களின் எரிபொருள் சிக்கனம் எம்ஐடிசி என்ற ஓட்ட முறையில் அளக்கப்பட்டு வருகிறது. புனேயின் ஏஆர்ஏஐ போன்ற அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்கள் சான்று தருகின்றன.
• மொத்த ஓட்டம் 1,180 விநாடி; ஏறக்குறைய 20 நிமிடம். தூரம் 11 கி.மீ.யை எட்டாது.
• உச்ச வேகம் மணிக்கு 90 கி.மீ.; சராசரி வேகம் 32 சொச்சம்.
• ஏசி ஓடாது. மழை, மேம்பாலம், ஷேர் ஆட்டோ, வேகத்தடை எதுவும் கிடையாது.

இ20 எவ்வளவு எடுத்துக்கொண்டது?

2014-ல் நம் பெட்ரோலில் எத்தனால் சுமார் ஒன்றரை சதவீதம். 2022 ஜூனில் 10 சதவீதத்தை எட்டியது. 2030-க்கு என்று வைத்திருந்த 20 சதவீத இலக்கை 2025-க்கு முன்னே இழுத்தார்கள், அதையும் எட்டியாயிற்று. இ20-க்கு எதிரான பொதுநல வழக்கை 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆக, பங்க்கில் வேறு வழி தேடிப் பயனில்லை. கணக்குப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குதான் ஒரு லிட்டர் எத்தனாலில் உண்டு. எனவே கலப்பில்லாத பெட்ரோலைவிட இ20-ல் ஆற்றல் சுமார் 7 சதவீதம் குறைவு. இ10-லிருந்து இ20-க்கு வந்ததில் இழந்தது மூன்றரை சதவீதம் போல. 2021-ல் வெளியான நிதி ஆயோக் அறிக்கையும் இதையொட்டியே பேசுகிறது: இ0-வுக்காக வடிவமைத்து இ10-க்கு ட்யூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதமும், இ10-க்காக வடிவமைத்து இ20-க்கு ட்யூன் செய்தவற்றில் 1 முதல் 2 சதவீதமும் மைலேஜ் குறையும் என்றது. 2025 ஆகஸ்ட்டில் பெட்ரோலிய அமைச்சகம் பழைய கார்களுக்கு 3 முதல் 6 சதவீதம் என்று விளக்கம் தந்தது.

இதன் பொருள் என்ன? இ10-ல் 16 கொடுத்த கார், ஆற்றல் கணக்குப்படி இ20-ல் 15.4 கொடுக்க வேண்டும். கொஞ்சம் மோசமான நிலையில் 15. அது 12-க்கு இறங்கியிருந்தால் எத்தனாலைத் திட்டிப் பிரயோசனமில்லை. காரில் வேறு கோளாறு இருக்கிறது. காற்று இறங்கிய டயர், விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், பழுதான ஆக்சிஜன் சென்சார் என்று தேட வேண்டிய இடங்கள் வேறு. இ20 மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பதால் இந்தக் கோளாறுகள் கவனிக்கப்படாமல் போவதுதான் பெரிய நஷ்டம்.

பழைய கார்க்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று ரப்பர். சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓட்டத்துக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம் என்று அமைச்சகமே சொல்லியிருக்கிறது. சர்வீஸுக்கு விடும்போது எரிபொருள் குழாய்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

புது ஆயில் ஊற்றினால் மைலேஜ் கூடுமா?

கூடும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, நிறுவனம் சொன்ன கிரேடு ஆயிலை ஊற்றுவதால் கிடைக்கும் ஆதாயம் 1 முதல் 2 சதவீதம். 16 கொடுக்கும் காரில் இது கால் கிலோமீட்டர் சமாச்சாரம். ஏசி போட்ட ஒரு நாள், போடாத ஒரு நாள் வித்தியாசத்திலேயே இது கரைந்துபோகும்.

ஆனால் கார் கம்பெனிக்கு இந்த ஒரு சதவீதம் பெரிது. ஒரு நிறுவனம் விற்கும் கார்கள் அனைத்தின் சராசரிக் கார்பன் வெளியீட்டுக்கும் அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. இந்த கஃபே விதியின் இரண்டாம் கட்டம் 2022-ல் நடைமுறைக்கு வந்தபோது, வரம்பு கிலோமீட்டருக்கு 113 கிராமுக்கு இறங்கியது. லட்சக்கணக்கான கார்களில் ஆளுக்கு ஒரு சதவீதம் மிச்சமானால் கம்பெனிக்கு அது பெரிய தொகை. நம் ஊர்ச் சின்ன கார்களுக்கு 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 என்று தண்ணீராக ஓடும் ஆயில்கள் வந்ததற்கு இது முக்கியக் காரணம்.

இங்கேதான் அடுத்த சிக்கல். 'நம்ம ஊர் வெயிலுக்கு இந்த ஆயில் தாங்காது, 20டபிள்யூ-40 ஊத்துங்க' என்ற யோசனை மெக்கானிக் ஷெட்டுகளில் சகஜம். வெளியே 30 டிகிரியோ 40 டிகிரியோ, சூடேறிய இன்ஜினுக்குள் ஆயில் 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. கிரேடில் கடைசியாக வரும் எண் அந்தச் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கானது. முதல் எண் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது எவ்வளவு எளிதாக ஓடும் என்பதற்கானது. புதிய இன்ஜின்களில் பேரிங் இடைவெளி, ஆயில் பம்ப், வால்வு டைமிங்கை மாற்றும் அமைப்பு எல்லாம் மெல்லிய ஆயிலைக் கணக்கில் வைத்துச் செய்தவை. கெட்டியான ஆயிலை ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மேலேயுள்ள கேம்ஷாஃப்ட்டுக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும்; மைலேஜும் ஒன்றிரண்டு சதவீதம் குறையும். மைலேஜுக்காக ஒர்க்‌ஷாப் போனவர் கிரேடை மாற்றி மைலேஜைக் குறைத்துக்கொண்டு திரும்புவார். சரியான கிரேடு எது என்பதற்கு ஒரே நீதிபதி, க்ளவ் பாக்ஸில் பிரிக்காமல் கிடக்கும் ஓனர்ஸ் மேனுவல்.

5,000 என்ற பழைய கணக்கு

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அதில் கார்புரேட்டர். குளிர்ந்த இன்ஜினுக்கு அது தேவைக்கு மேல் பெட்ரோலை ஊட்டும். மிச்சம் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். பெட்ரோலில் கந்தகம் அதிகம். அது எரிந்து அமிலமாகி ஆயிலைக் கெடுக்கும். அன்றைக்கு 5,000 கி.மீ.யில் மாற்றச் சொன்ன மெக்கானிக் சரியாகத்தான் சொன்னார்.

பிறகு மூன்று விஷயங்கள் மாறிவிட்டன. கார்புரேட்டர் போய், அளந்து தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் வந்தது. பிஎஸ்-2 காலத்தில் 500 பிபிஎம் இருந்த கந்தகம், 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 பெட்ரோலில் 10 பிபிஎம். மினரல் ஆயில் இருந்த இடத்துக்கு சிந்தெடிக் வந்தது. இன்று மாருதியின் பெட்ரோல் கார்களுக்கும் ஹூண்டாயின் பெட்ரோல் கார்களுக்கும் அட்டவணை ஒன்றே: 10,000 கி.மீ. அல்லது 12 மாதம், எது முன்னால் வருகிறதோ அது.

அட்டவணையில் பலர் 10,000 என்ற எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு '12 மாதம்' என்பதைக் கண்டுகொள்வதில்லை. இன்ஜின்கள் பாழாவது பெரும்பாலும் அங்கேதான்.

நிற்கும் காருக்குத்தான் சீக்கு

வருடத்துக்கு 3,000 கி.மீ. ஓடும் காரை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட இரண்டு கி.மீ., மாலையில் மார்க்கெட்டுக்கு ஒரு கி.மீ. இவ்வளவு குறைவாக ஓடும் காருக்கு ஆயில் மாற்றுவது தண்டம் என்று தோன்றும். ஆனால் நெடுஞ்சாலையில் மாதம் 2,000 கி.மீ. ஓடும் காரின் ஆயிலைவிட இந்தக் காரின் ஆயில்தான் சீக்கிரம் கெடும்.

எரிபொருள் எரியும்போது நீராவி உண்டாகிறது. அதில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. கூடவே எரியாத பெட்ரோலும், இப்போது எத்தனாலும். ஆயில் நன்றாகச் சூடாகிக் கொஞ்ச நேரம் அந்தச் சூட்டிலேயே இருந்தால் இவை ஆவியாகி வெளியேறிவிடும். இரண்டு கி.மீ. ஓட்டத்தில் கூலன்ட் முள் பாதி ஏறுவதற்குள் பள்ளி வந்துவிடும். ஆயில் அதைவிட மெதுவாகத்தான் சூடேறும். தண்ணீரும் பெட்ரோலும் உள்ளேயே தங்கி, நாளடைவில் ஆயிலிலுள்ள காப்பு ரசாயனங்களைத் தின்றுவிடும். பிறகு ஸ்லட்ஜ் என்கிற களிம்புக் கசடு படியத் தொடங்கும்.

கசடு சேர்ந்தால் பாதிப்பு வரிசையாக வரும். ஆயில் பம்ப்பின் சல்லடை அடைபடும். மேலே ஆயில் ஏறாது. பல சின்ன கார்களில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. அழுத்தம் குறைந்தால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கலகல' சத்தம். டர்போ கார் என்றால் கொதிக்கும் சூட்டில் சுழலும் டர்போவின் பேரிங்குக்கும் இதே ஆயில்தான் உயிர்நாடி. இன்ஜினைப் பிரித்துச் செய்ய வேண்டிய நிலை வந்தால் செலவு பல பத்தாயிரங்களில் போய் நிற்கும்.

இது சின்ன கம்பெனிகளுக்கு மட்டும் வரும் வியாதியும் அல்ல. அமெரிக்காவில் 1997 முதல் 2002 வரை தயாரான சில டொயோட்டா, லெக்சஸ் கார்களில் கசடுப் புகார்கள் பெருகியபோது, சுமார் 33 லட்சம் வண்டிகளுக்கு 8 ஆண்டுக் கூடுதல் பாதுகாப்புத் தர நிறுவனம் 2002-ல் ஒப்புக்கொண்டது.

பெட்டிச் செய்தி: உங்கள் கார் 'கடும் உழைப்பு' வகையா?
மேனுவல்களில் 'சிவியர் கண்டிஷன்' என்றொரு பகுதி உண்டு. பல மேனுவல்கள் அப்படிப்பட்ட காருக்கு இடைவெளியைப் பாதியாகக் குறைக்கச் சொல்கின்றன. கீழே உள்ளவற்றில் ஒன்றிரண்டு உங்களுக்குப் பொருந்தினால் சர்வீஸ் அட்வைசரிடம் கேளுங்கள்.
• பெரும்பாலும் சில கி.மீ. மட்டுமே ஓடி நின்றுவிடும் கார்
• சிக்னல் சிக்னலாக நின்று, நெரிசலில் மணிக்கணக்கில் ஐடிலிங்கில் கிடப்பது
• குவாரி, செம்மண் சாலை, கட்டடப் பணி நடக்கும் பகுதி எனத் தூசியில் ஓட்டம்
• கால் டாக்சி ஓட்டம். முழுப் பாரத்தோடு மலை ஏற்றம்
• 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் சென்னைக் கார்கள் கிடந்ததுபோல் நீரில் மூழ்கிய கார் என்றால் கணக்கே வேறு. ஸ்டார்ட் செய்யாமல் டோ செய்து, எல்லா ஆயில்களையும் சோதித்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

வருடம் 10,000 கி.மீ. ஓட்டம், 16 மைலேஜ், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 625 லிட்டர், 62,500 ரூபாய்.

5,000 கி.மீ.யிலேயே ஆயில் மாற்றினால் வருடத்துக்கு ஒரு சர்வீஸ் கூடும். ஆயில், ஃபில்டர், கூலி சேர்த்து 2,000 ரூபாய் என்று வையுங்கள். அதனால் மைலேஜ் தாராளமாக ஒரு சதவீதம் கூடுகிறது என்றே ஒப்புக்கொண்டாலும் மிச்சம் 625 ரூபாய்தான். சாதாரண ஓட்டம் உள்ள காருக்கு இது நஷ்ட வியாபாரம்.

மறுபக்கம், ஒரு வருட ஆயில் சேஞ்சைத் தவிர்த்தால் 2,000 ரூபாய் மிச்சம். அதற்குப் பணயம் வைப்பது இன்ஜினை. மாருதி 2024 ஜூலையில் தன் அடிப்படை வாரன்ட்டியை 3 ஆண்டு அல்லது ஒரு லட்சம் கி.மீ. என்று உயர்த்தியது. வாரன்ட்டி கோரும்போது கம்பெனி முதலில் கேட்பது சர்வீஸ் வரலாற்றை. பில் இல்லாவிட்டால் உங்கள் வாதத்துக்குப் பலம் இருக்காது.

இ20-க்கு மாறியதில் இதே கணக்கில் போவது வருடம் சுமார் 2,300 ரூபாய். அது நம் கையில் இல்லை. ஆனால் சிக்னல் பச்சையானதும் மிதிப்பது, அடுத்த சிக்னலில் அழுத்தமாகப் பிரேக் போடுவது என்று ஓட்டும் ஓட்டத்தில் மைலேஜ் பத்து சதவீதம் குறைந்தாலே ஏறக்குறைய 7,000 ரூபாய் காலி. ஆயிலையும் எத்தனாலையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது.

பெட்டிச் செய்தி: மைலேஜை உண்மையில் தின்பவை
(அமெரிக்க எரிசக்தித் துறை வெளியிட்டுள்ள மதிப்பீடுகள்)
• முரட்டு ஓட்டம்: நெரிசலில் 10 முதல் 40 சதவீதம் வரை இழப்பு
• கடும் வெயிலில், குறிப்பாகக் குறுந்தூரத்தில், ஏசி: 25 சதவீதத்துக்கும் மேல் போகலாம்
• பழுதான ஆக்சிஜன் சென்சார்: மைலேஜை 40 சதவீதம் வரை பாதிக்கலாம்
• டயர்: நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் 0.2 சதவீதம்
• டிக்கியில் 45 கிலோ வீண் சுமை: சுமார் ஒரு சதவீதம்
• தவறான ஆயில் கிரேடு: 1 முதல் 2 சதவீதம்
• அழுக்கான ஏர் ஃபில்டர்: இன்ஜெக்‌ஷன் கார்களில் மைலேஜைப் பெரிதாகப் பாதிக்காது, பிக்கப்தான் குறையும்

பில்லில் ஏறும் உபரிகள்

மைலேஜ் குறைகிறது என்று நீங்கள் சொன்னதுமே சில ஒர்க்‌ஷாப்களில் பில் நீளும். இன்ஜின் ஃப்ளஷ், ஆயில் அடிட்டிவ், ஃபியூயல் சிஸ்டம் கிளீனர் என்று வரிசை கட்டும். நேரத்துக்கு ஆயில் மாற்றி வரும் காருக்கு ஃப்ளஷ் தேவையில்லை. கசடு கட்டிய பழைய இன்ஜினில் அதை ஊற்றினால், பெயர்ந்த கட்டிகள் சல்லடையில் போய் அடைக்கும் ஆபத்தும் உண்டு. தேவையான ரசாயனங்களை ஆயில் கம்பெனியே கலந்துதான் தருகிறது. மேலே எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

பணம் தரும்போது மூன்றைப் பாருங்கள். பில்லில் ஆயிலின் கிரேடு எழுதியிருக்கிறதா? ஆயில் ஃபில்டரும் ட்ரெயின் போல்ட்டின் வாஷரும் புதிதா? இன்ஜினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை எடுத்தால் ஆயில் இரண்டு குறிகளுக்கு நடுவில் நிற்கிறதா? மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் தவறே. கிராங்க்‌ஷாஃப்ட் ஆயிலில் அடித்து நுரையாக்கும். இன்ஜினின் பலமும் மைலேஜும் வீணாகும்.

டிப் ஸ்டிக்கை மாதம் ஒருமுறை நீங்களே பாருங்கள். அளவு குறைந்தால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது அல்லது எங்கோ கசிகிறது. அளவு ஏறி, பெட்ரோல் வாடையும் அடித்தால் எரிபொருள் ஆயிலில் இறங்குகிறது. ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போல் படிந்திருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. குறுந்தூர ஓட்டமா, ஹெட் கேஸ்கெட் பழுதா என்று மெக்கானிக் பார்க்க வேண்டும். டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் 'அடுத்த பங்க்கில் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஓட்டாதீர்கள். அந்த விளக்கு சொல்வது அழுத்தம் விழுந்துவிட்டது என்பதை. அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்த வேண்டும்.

வடித்த ஆயில் எங்கே போகிறது?

ஒரு சின்ன காரிலிருந்து ஒருமுறை வடிப்பது மூன்று லிட்டரை ஒட்டிய ஆயில். தேவையில்லாமல் இருமுறை மாற்றினால் இந்தக் கழிவும் இரட்டிப்பு. ஒரு கார் ஆயில் சேஞ்சில் வடிவது பத்து லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கக்கூடும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை. இந்திய விதிகளிலும் பயன்படுத்திய ஆயில் அபாயக் கழிவு. அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மீதே சுமத்தும் விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் தெருவோர ஷெட்டின் பின்பக்கச் சாக்கடையில் அது கொட்டப்படுகிறதா என்பதைப் பார்க்க வேண்டியது காரை விடும் நாமும்தான். எங்கே கொடுக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தீர்ப்பு இதுதான். ஆயில் மாற்றுவது இன்ஜினின் ஆயுளுக்காக. மைலேஜை டயர் காற்றிலும் வலதுகாலிலும் தேடுங்கள். சாதாரண ஓட்டம் என்றால் 10,000 கி.மீ. போதும். குறைவாக ஓடினாலும் வருடம் முடிந்தால் மாற்றியே ஆக வேண்டும். தூசியிலும் நெரிசலிலும் குறுந்தூரத்திலும் உழைக்கும் கார் என்றால் இன்னும் முன்னதாக. எந்த ஆயில், எப்போது என்று மெக்கானிக்கிடம் கேட்பதற்கு முன்னால் க்ளவ் பாக்ஸைத் திறந்து மேனுவலில் அந்தப் பக்கத்தை இன்றைக்கே படித்துவிடுங்கள்.